கடல் சாமந்திக்கு மருந்து

ராயபுரத்தில் டாக்டர் லியோனார்டின் கிளினிக்குக்குள் கால் வைத்ததும் எப்பேர்ப்பட்ட பிள்ளையும் அழுகையை நிறுத்திவிடும். டாக்டரின் கைராசி என்று தாய்மார்கள் சொல்வார்கள். கைராசி உண்டுதான், யார் இல்லை என்றது? ஆனால் பாதிப் புகழ் காத்திருக்கும் அறையில் இருந்த கண்ணாடித் தொட்டிக்குப் போக வேண்டும். முந்நூறு லிட்டர் கடல் தண்ணீர், நடுவில் ஒரு பாறை, பாறையின் மேல் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கடல் சாமந்தி. பெயர்தான் சாமந்தி, அது பூ இல்லை, உயிர். விரல் விரலாக நீட்டிக்கொண்டு நாள் முழுக்க அசைந்துகொண்டிருக்கும். அந்த விரல்களுக்கு நடுவே ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள் இரண்டு குடித்தனம் நடத்தின. ஊசிக்கு வந்திருக்கிறோம் என்பதையே மறந்து பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கும்.

அந்த கிளினிக்கில் டோக்கன் கொடுப்பது, எடை பார்ப்பது, காய்ச்சல் அட்டையில் எழுதுவது, பெருக்குவது, அதட்டுவது எல்லாம் ராஜாத்திதான். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருவாள். அவளை யாரும் வேலைக்கு வைக்கவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் அவள் மகள் மகிழினி, இரண்டு வயதுக் குழந்தை, வாந்தியும் பேதியுமாகக் கண் செருகிக் கிடந்தபோது தூக்கிக்கொண்டு ஓடி வந்து விழுந்த இடம் அது. காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் நான்கு மணி வரைக்கும் டாக்டர் அந்தப் பிள்ளையை மடியை விட்டு இறக்கவில்லை. நிமிஷத்துக்கு ஒரு கரண்டி, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர். குழந்தை பிழைத்தது. மறுவாரம் ராஜாத்தி வந்து மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்தாள். “யாரும்மா நீ?” என்று டாக்டர் கேட்டார். “அத்த வுடுங்க” என்று சொல்லிவிட்டுப் பெருக்க ஆரம்பித்தவள்தான்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் ஜூன் மாதம் டாக்டருக்கு இருதயத்தில் அறுவை சிகிச்சை என்று முடிவாயிற்று. வேலூருக்குப் போக வேண்டும், திரும்பி வர இரண்டு மாதம் ஆகும். புறப்படுகிற அன்று தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்து மூன்று ஜாடிகளைக் காட்டினார். ஒன்றில் மிளகு போலக் கறுப்பாக, ஒன்றில் ஜவ்வரிசி போல வெளிர் மஞ்சளாக, ஒன்றில் செங்கல் பொடித்தது போலப் பழுப்பாக. மேலே அவர் கையெழுத்தில் கரி, ரெசின், இரும்பு என்று எழுதி ஒட்டியிருந்தது.

“தண்ணிக்கு என்ன வியாதின்னு பாத்து, எது தேவையோ அத மட்டும் துணியில கட்டி, தண்ணி ஓடுற இடத்துல வை, ராஜாத்தி. மூணையும் ஒண்ணா கொட்டிடாதே.”

வியாதி எப்படிப் பார்ப்பது என்று கேட்பதற்குள் கார் வந்துவிட்டது. மறுநாள் வேலூரிலிருந்து டாக்டரின் அக்கா போன் செய்து, அவர் காதில் எந்தக் கெட்ட செய்தியும் விழக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிளினிக் பூட்டிக் கிடந்தாலும் ராஜாத்தி தினமும் வந்தாள். பத்து வருடமாக அந்த மனிதருக்குத் திருப்பிச் செய்ய ஒரு வேலை கிடைக்காதா என்று ஏங்கியவள் அவள். கிடைத்துவிட்டது. அந்தச் சாமந்தியை உயிரோடு அவர் கையில் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான்.

தொட்டிக்குக் கடல் தண்ணீர் கொண்டு வருவது காசிமேட்டு உதயா. ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவன், செவ்வாய்க்குச் செவ்வாய் இரண்டு கேன் நிறைய மொண்டு வந்து வைப்பான். டாக்டர் போன அடுத்த வாரம் அந்தப் பழைய வெள்ளை கேன்கள் இரண்டும் அடியில் விரிசல் விட்டு ஒழுகின. அந்த வருடம் சென்னையில் குழாய் என்ற ஒன்று சுவரில் அலங்காரத்துக்கு இருந்தது. லாரித் தண்ணீரை நம்பித்தான் ஊரே கிடந்தது, குடமும் கேனும் இல்லாதவன் மனிதனே இல்லை. ராஜாத்தி வீட்டுக்கென்று பழைய கேன் கடையில் நான்கு நீல கேன்கள் பொறுக்கி எடுத்திருந்தாள். மணலிப் பக்கத்து ஆலைகளிலிருந்து கழித்துக்கட்டுகிற கேன்கள், உரலில் போட்டு இடித்தாலும் உடையாது. அதில் இரண்டை ஏழு தடவை கழுவி உதயாவிடம் கொடுத்தாள். டாக்டர் தொட்டிக்கு என்றால் நல்லதாகத்தானே கொடுக்க வேண்டும்?

இரண்டு வாரம் போயிருக்கும். கண்ணாடியில் வழவழவென்று பழுப்புப் பாசி படிய ஆரம்பித்தது. துடைத்தால் மறுநாள் திரும்பவும் வந்தது. தண்ணீர் லேசாக மஞ்சளடித்தது. சாமந்தி விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு முஷ்டியாகச் சுருங்கியது. வீடு போன மீன்கள் இரண்டும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தன. ராஜாத்தி கீழே இருந்த அலமாரியைத் திறந்தாள். மூன்று ஜாடிகளையும் எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். காய்ச்சல் என்று வருகிற பிள்ளைக்கு டாக்டர் ஒரே சீட்டில் மூன்று மருந்து எழுதி அவள் பார்த்ததில்லை. மஞ்சள் தண்ணீருக்குக் கரிதான் என்று அவளாகத் தீர்மானித்து, கொசுவலைத் துண்டில் இரண்டு கை நிறைய அள்ளிக் கட்டி வைத்தாள்.

மறுநாளே தண்ணீர் பளிங்காகிவிட்டது. ராஜாத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். அதற்கும் மறுநாள் பார்த்தால் சாமந்தி இன்னும் சுருங்கி, பாறையில் பிடித்திருந்த அடிப்பாகமே பாதி கழன்று தொங்கியது. தானே கொன்றுவிட்டோம் என்று நினைத்து, ஆள் இல்லாத கிளினிக்கில் சத்தம் போட்டு அழுதாள்.

அப்போதுதான் செங்கொடி ஞாபகம் வந்தது. புளியந்தோப்புப் பெண், மணலியில் ஓர் ஆலையின் பாய்லர் பகுதியில் தண்ணீர் பரிசோதிக்கிற லேப்பில் வேலை. ராஜாத்தியின் வீட்டுக்காரர் பகலவனுக்குத் தூரத்துத் தங்கை முறை, ஆனாலும் ராஜாத்தியை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். மறுநாள் ஷிப்ட் முடிந்து ஒரு பை நிறையச் சின்ன பாட்டில்களோடு நேராக கிளினிக்குக்கே வந்துவிட்டாள்.

“இன்னாக்கா, மூஞ்சி இப்டி வீங்கிகீது? செத்தா பூட்ச்சி?”

“வாயக் கழுவுடி. பாத்து சொல்லு, இன்னா கொற இத்துக்கு?”

செங்கொடி தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து ஏதோ இரண்டு மருந்து சொட்டினாள். குழாய் கரு நீலமாகியது. அவள் விசில் அடித்தாள்.

“பாஸ்பேட்டு. எக்கச்சக்கமா கீதுக்கா. எங்க பாய்லருக்கு நாங்களே இத்த அளந்து ஊத்துவோம், உள்ள சுண்ணாம்பு படியாம இருக்க. பாய்லருக்கு மருந்து, இத்துக்கு விஷம். இதத் தின்னுகினு தான் அந்த பாசி வளர்து.”

“அப்ப நான் போட்ட கரி?”

“கரி மஞ்சளயும் நாத்தத்தயும் புடிக்கும், பாஸ்பேட்ட தொடாது. நீ ஒரே நாள்ல தண்ணிய கண்ணாடியாக்கிட்ட. மேல எரியுற வெளக்கு வெளிச்சம் மொத்தமும் அது தலைல எறங்கிச்சி. மாட்னி ஷோ வுட்டு வெளிய வந்தா நமக்கு கண்ணு கூசல? அந்த மாரி. பாதி கரிய எட்துடு.”

“ரெசினு?”

“அது மீன் கழிவு, அழுகல் மாரி சமாச்சாரத்த புடிக்கிறது. இப்ப அது வாணாம். உனுக்கு வேண்டியது இதோ, இரும்பு. துருதான்க்கா இது, வேற ஒண்ணுமில்ல. பாஸ்பேட்ட பாத்தா துரு வுடாது, கப்புனு புட்சிக்கும்.”

பழுப்பு ஜாடியில் இருந்ததோ அடியில் ஒரு பிடி. செங்கொடியே வழி சொன்னாள். அவளுடைய சிநேகிதி வேலை செய்கிற இடத்தில் வங்காளத்துக்கு அனுப்ப இதே துகளைச் செய்கிறார்களாம். அங்கே அடிபம்புத் தண்ணீரில் கலந்திருக்கிற ஆர்சனிக் விஷத்தையும் இந்தத் துரு பிடித்துவிடுமாம். மூன்றாம் நாள் ஒரு பை வந்து சேர்ந்தது. ராஜாத்தி அதை அரிசி களைவது போலக் களைந்து, செந்தண்ணீர் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசி, கொசுவலையில் கட்டி வைத்தாள். அதையும் ஒரேயடியாகப் போடாதே, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு என்று செங்கொடி சொல்லியிருந்தாள். பட்ட பாட்டுக்கு இந்தத் தடவை சொன்னபடி கேட்டாள்.

“உனுக்கு எப்டி கைமாறு செய்யப் போறேன்னு தெர்ல கண்ணு.”

“எனுக்கா? எனக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப எங்கம்மா இங்கதான் தூக்கியாந்துச்சி. நான் டாக்டருக்கு செய்றேன், நீ இன்னாத்துக்கு நடுவுல?”

நாலு நாளில் குழாயின் நீலம் வெளுத்தது. ஐந்தாம் நாள் காலை ராஜாத்தி கதவைத் திறந்தபோது சாமந்தி பாறையில் உட்கார்ந்து பாதி விரல்களை வெளியே நீட்டியிருந்தது. மீன் இரண்டும் உள்ளே புகுந்து படுத்திருந்தன. அன்று எதிர்க்கடைக்காரர், பஸ் கண்டக்டர் என்று பார்த்தவர்களிடமெல்லாம் அவள் சிரித்தாள். கண்டக்டர் பயந்தே போனார்.

அந்தச் சிரிப்புக்கு ஆயுசு இரண்டு நாள்தான். மறுபடியும் பாசி படிந்தது, சாமந்தி முஷ்டியானது. புதுத் துகள் போட்டால் தெளியும், சில நாளில் மறுபடியும் நீலம் ஏறும். ஒரு மாதம் வருமென்று செங்கொடி சொன்ன துகள் ஒரு வாரத்தில் அடியில் ஒரு பிடிக்கு வந்துவிட்டது. டாக்டர் வரும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ராஜாத்தி படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் பத்து வருடமாகக் காய்ச்சல் அட்டை எழுதுகிறவள். எந்த வேளையில் ஏறுகிறது, எந்த வேளையில் இறங்குகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அட்டை என்று டாக்டர் சொல்லிக் கேட்டிருக்கிறாள். செங்கொடியிடம் அந்தச் சொட்டு மருந்தை வாங்கி வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் தானே சோதித்து, ஒரு வெற்று அட்டையில் பெயர் என்ற இடத்தில் ‘சாமந்தி’ என்று எழுதி, நீலம் எவ்வளவு என்று குறிக்க ஆரம்பித்தாள். பத்து நாள் கழித்து அட்டை தானாகப் பேசியது. செவ்வாய்க்கிழமை மாலைதான் காய்ச்சல் ஏறுகிறது. உதயா தண்ணீர் கொண்டு வருகிற நாள்.

அடுத்த செவ்வாய் உதயா கேன்களை இறக்கும்போது கேட்டேவிட்டாள்.

“உதயா, கரையோரமாவே மோந்துகினு வந்துட்றியா நீ?”

அவன் முகம் விழுந்துவிட்டது. “இன்னாக்கா இப்டி கேட்டுட்ட? கரையாண்ட எண்ணெயும் சாம்பலுமா கலீஜா கீது, அத்த போய் டாக்டர் தொட்டில ஊத்துவனா? பத்து பாகம், அறுவது அடி ஆழத்துக்கு அப்பால போய் மோந்துகினு வரேன். டீசல் செலவானாலும் போறேன். எம்புள்ளைக்கு மூச்சு வாங்குனப்ப அந்த மனுசன் எங்க குப்பத்துக்கே நடந்து வந்தாரு.”

அவனைப் புண்படுத்திவிட்டோமே என்று ராஜாத்திக்கு வெட்கமாகப் போனது. மன்னிப்புக் கேட்டாள். ஆனாலும் அட்டை பொய் சொல்லாதே. கழுவி வைத்திருந்த குளுக்கோஸ் பாட்டில் ஒன்றை அவனிடம் கொடுத்து, மறுநாள் கேன் மொள்ளுகிற அதே இடத்தில் இதிலும் மொண்டு வரச் சொன்னாள். அவனும் கோபத்தோடு கோபமாகக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனான்.

செங்கொடி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொட்டினாள். பாட்டிலில் வந்த கடல் நிறம் மாறவே இல்லை. கேனில் வந்த அதே கடல் கரு நீலம்.

“கடல் மேல தப்பு இல்லக்கா. கேன்ல கீது.”

“ஏழு வாட்டி கழுவுனேன்டி!”

செங்கொடி கேனைத் தலைகீழாகப் பிடித்துக் கைப்பிடியைத் தட்டினாள். அந்தக் கைப்பிடி உள்ளே கூடாக இருக்கும், கழுவுகிற தண்ணீர் அதற்குள் சரியாகப் போகாது. பிளேடால் அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. கார், இரும்பு சாமான்களுக்குப் பெயின்ட் அடிக்கும் முன் துருவை எடுக்கிற ஆசிட் இருந்த கேன் அது, முழுக்கப் பாஸ்பேட் என்றாள் செங்கொடி. ஒவ்வொரு செவ்வாயும் கொஞ்சம் கொஞ்சமாக அது கரைந்து வந்திருக்கிறது.

ராஜாத்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விஷம் வைத்தது கடலும் இல்லை, உதயாவும் இல்லை. ஆசை ஆசையாகத் தேடி எடுத்து, தன் கையாலேயே கழுவிக் கொடுத்த கேன். டாக்டர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற ஒரே நினைப்புதான் அவளுக்கு ஓடியது. செங்கொடிக்கு வேறு நினைப்பு.

“அக்கா, இந்த மாரி கேன் இன்னும் வாங்கினியா?”

“நாலு வாங்கினேன். ரெண்டு வூட்ல கீது.”

“வூட்ல இன்னா ஊத்தி வெச்சிகீற?”

“குடிக்கிற தண்ணிடி!” என்றபடி ராஜாத்தி எழுந்து வாசலுக்கு ஓடினாள். இரண்டு பேரும் ஆட்டோ பிடித்தார்கள். வழியெல்லாம் ராஜாத்திக்கு மகிழினியின் வாய்தான் கண்ணில் நின்றது. ஒரு மாதமாகப் புண், வயிற்று வலி. வெயில் சூடு என்று மணத்தக்காளிக் கீரை கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் பகலவன் அந்த நீல கேனிலிருந்துதான் சொம்பில் சாய்த்துக்கொண்டிருந்தார்.

“வைய்யா கீழ!” என்று ராஜாத்தி போட்ட கூச்சலில் சொம்பு கை நழுவி உருண்டது.

செங்கொடி வீட்டுத் தண்ணீரை எடுத்து முதலில் பழைய மருந்தைச் சொட்டினாள். நீலம் வரவில்லை. ஆலை கேன் ஆயிற்றே என்று பையிலிருந்த வேறொரு மருந்தையும் சொட்டிப் பார்த்தாள், ஊதா வந்தது. அவள் முகம் வெளுத்தது.

“குரோமியம். முலாம் பூசுற எடத்து கேன் இது. அண்ணே, ஒரு சொட்டு வெச்சிக்காதீங்க, எல்லாத்தயும் கொட்டுங்க.”

ஒரு குடம் தண்ணீருக்கு நாலு மணி நேரம் வரிசையில் நிற்கிற காலத்தில் பகலவன் இரண்டு கேன் தண்ணீரைத் தெருச் சாக்கடையில் சாய்த்தார். மாடியிலிருந்து பார்த்தவர்கள் வயிற்றெரிச்சலில் கத்தினார்கள். அவர் கத்தினவர்களிடம் விஷயத்தைச் சொல்ல, அவர்கள் தங்கள் கேன்களைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்தார்கள். செங்கொடி அன்று மாலை வரைக்கும் மாடிப்படியில் உட்கார்ந்து சொட்டு மருந்து தீரும்வரை சோதித்துக் கொடுத்தாள். பதினோரு வீட்டில் கேனை உடைத்துப் போட்டார்கள். மகிழினியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள். பயமில்லை, சீக்கிரமே கண்டுபிடித்து நிறுத்தியது நல்லதாகப் போயிற்று என்று எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாளில் வாய்ப்புண் ஆறியது. ஆனாலும் அவள் தூங்கும்போதெல்லாம் ராஜாத்தி வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உதயா புது கேன் கொண்டு வந்தான், படகில் குடிதண்ணீருக்கு வைத்திருந்தது. ராஜாத்தி தன் வாயாலேயே நடந்ததைச் சொன்னதும், “வுடுக்கா, பேஜாரு தீர்ந்துச்சே” என்று சிரித்துவிட்டான். கடைசிப் பிடி இரும்புத் துகளும் கால் பங்கு கரியும் மீதியைப் பார்த்துக்கொண்டன. அட்டையில் செவ்வாய்க்கிழமைகள் தரையோடு தரையாகப் படுத்தன.

ஆகஸ்டில் டாக்டர் வந்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார். படி ஏற உதயாதான் தோள் கொடுத்தான். தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். சாமந்தி பழைய அகலத்தில் பாதிதான் இருந்தது, ஆனால் விரல்கள் அத்தனையும் விரிந்திருந்தன. அவர் வெகு நேரம் பார்த்தார். நல்ல பெயரோடு தப்பித்துக்கொள்ள ராஜாத்திக்கு அப்போது வாய்ப்பு இருந்தது. அவளால் முடியவில்லை. நின்றபடியே கரி போட்டதிலிருந்து கேன் வரை ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள்.

“உங்களுக்கு ஒரு நல்லது செஞ்சிட்டு நிம்மதியா கண்ண மூட்லாம்னு நெனச்சேன் டாக்டர். நானே விஷம் வெச்சிட்டேன். இத்த காப்பாத்தப் போயி, கடைசில இது எங்க வூட்ட காப்பாத்திகீது. இது மட்டும் சுருங்காம இருந்தா இந்நேரம் எம்புள்ளைக்கு இன்னா ஆயிருக்குமோ. இந்த நன்றிய எங்க கொண்டுபோய் வெப்பேன், சொல்லுங்க.”

டாக்டர் தொட்டியிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

“மகிழினி எங்கே?”

“வெளிய நிக்கிறா. பெரியாஸ்பத்திரில பாத்துட்டாங்க. நல்லா கீறாளாம்.”

“கூப்பிடு.”

பன்னிரண்டு வயதுப் பெண் கூச்சப்பட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். டாக்டர் அவளை நாக்கை நீட்டச் சொன்னார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வயிற்றை மெல்ல அழுத்தி, அங்கே வலிக்குதா, இங்கே வலிக்குதா என்று கேட்டார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் தொட்ட முதல் நோயாளி அவள். உதயா நாற்காலியைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டான்.

“ஒண்ணுமில்ல, ராஜாத்தி. நல்லா இருக்கா” என்றார்.

பெரியாஸ்பத்திரியில் இதையேதான் காகிதத்தில் முத்திரை குத்திக் கொடுத்திருந்தார்கள். அன்றுதான் ராஜாத்தி அதை நம்பினாள்.